ஆறாவது டிக்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் மயிலாத்தாளின் பயம். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லிவிடலாம், அதற்குத் தலையும் வாலும் நாமே வைப்பதுதானே. நடந்ததை நடந்தபடி சொல்லப் போனால்தான் எந்த நுனியைப் பிடிப்பது என்று தெரிவதில்லை. நூல் மில்லில் இருந்த காலத்தில் அறுந்த இழையைத் தேடி நூல் சுற்றிய கோனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அது மாதிரி. அந்த வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கலாமா, இல்லை வினோதினி வேலைக்கு வந்த நாளிலிருந்தா, இல்லை அதற்கும் முன்னால் எட்டாம் வகுப்பிலிருந்தா. லேபை நடத்துகிற மேடம் ஒரே வரியில் கேட்பார். அவர் கேள்விகள் எல்லாமே ஒரு வரிதான். தொட்டிக்குள் கையை விட்டு அடுத்த கண்ணாடித் தட்டை எடுத்தாள். சோப்பு, அப்புறம் குழாய்த் தண்ணீரில் மூன்று அலசல், அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒன்று. வருஷக்கணக்காக இதே வரிசை, தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தாலும் கை தானாகச் செய்யும். இன்றைக்கு என்னவோ இரண்டாவது அலசலா மூன்றாவதா என்று ஒவ்வொரு தட்டிலும் தடுக்குகிறது, சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து அலசுகிறாள். எதிரே மேடத்தின் அறை. கதவின் கீழ்ப்பாதிக் கண்ணாடிக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது, மேல்பாதி வழியாக வினோதினியின் தலை தெரிகிறது, கிளிப் போட்ட கொண்டை. இரண்டு மணிக்கு உள்ளே போனவள். இப்போது மணி இரண்டே முக்கால். அடுத்தது மயிலாத்தாள்தான்.

கொண்டை ஆடுகிறது. அழுகிறாள். அழட்டும் என்று நினைத்தாள், நினைத்த வேகத்திலேயே பாவம் என்றது இன்னொரு குரல், என்ன பாவம் என்றது முதல் குரல். மேடத்தின் மேஜைமேல் அந்த மூடி இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் காலையில் மேஜையைத் துடைக்கப் போனபோது பார்த்துவிட்டாள். பிளாஸ்டிக் மூடி, டிரேயின் மேலே போடுவது, அதன்மேல் நீல மார்க்கரில் ஆறு டிக். சாதாரண மூடியாக இருந்திருந்தால் என்றைக்கோ கழுவியிருப்பாள். வினோதினிதான் ராசி மூடி என்று சொல்லி அலமாரிக்கு மேலே எடுத்து வைத்திருந்தாள், நாலு மாதமாக. ராசியாம். ஐந்து டிக் ஒரு மாதிரி இருக்கும். ஆறாவது டிக் மட்டும் தலை திரும்பி இருக்கும், நீளக்கோடு இடப்பக்கம் போகும். கண் இருக்கிறவர்கள் பார்த்தால் தெரிந்துவிடும். மேடத்துக்குக் கண் இருக்கிறது. கூடுதலாகவே இருக்கிறது, நுண்ணோக்கியில் உட்கார்ந்து உட்கார்ந்து.

"ஏனுங்க்கா, தட்டு தேயற வரைக்கும் விடறதில்லையாட்ட இருக்குது?" என்று ஆறுச்சாமி வந்து நின்றார். பக்கத்து லேபில் அட்டெண்டர், அவளை விட ஐந்தாறு வயது பெரியவர், இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், கிண்டலுக்கு வசதியாக. "உள்ள என்ன நடக்குது? புள்ளை அழுவுதாட்ட இருக்குது?" "எனக்கென்ன தெரியுமுங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியாம இந்த லேப்ல ஒரு கொசு உள்ள வருமா?" என்று சிரித்தார். "அந்தப் புள்ளை டேட்டாவை மாத்தி எழுதீருச்சுன்னு பேசிக்கறாங்க. வேலை போயிருமாம். நெசமாங்க்கா?" "வேலையைப் பாருங்க போங்க. ஈரத்துல நிக்காதீங்க, வழுக்கும்." "வழுக்கறது எனக்குப் பழக்கமுங்க்கா, பாத்து நில்லுங்க நீங்க" என்று போய்விட்டார். சும்மா சொன்னதுதான், அவருக்கு என்ன தெரியும். பாத்து நில்லுங்க நீங்க. ஏன் நீங்க என்று கடைசியில் போட்டார்? மயிலாத்தாள் குழாயை மூடினாள், திறந்தாள். கையில் இருந்த தட்டை எத்தனை தடவை அலசினோம் என்று மறந்துவிட்டது.

உறைய வைத்து இளக விடுவது ஆறு தடவை. அதுதான் இந்த வேலையின் உயிர். புதிதாக வருகிறவர்களுக்கு மேடம் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டு ஒரு மணி நேரம் சொல்லித் தருவதை மயிலாத்தாள் ஒரு மூச்சில் சொல்லிவிடுவாள். ரவை மாதிரி வெள்ளைப் பொடி, பாலிமர் என்பார்கள், சுடுதண்ணீரில் மூன்று மணி நேரம் சுற்ற விட்டால் வடித்த கஞ்சியாகும். மேடம் தன் கையால் இன்னொரு பொடி சேர்ப்பார். அதைக் குமிழி இல்லாமல் தட்டில் ஊற்றி, தட்டுகளை டிரேயில் அடுக்கி மூடி, மூலையில் ஐஸ்கிரீம் கடையில் இருக்கிற மாதிரிப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதற்குள் வைத்துக் கல்லாக உறைய விட வேண்டும், பிறகு எடுத்து வெளியில் வைத்து இளக விட வேண்டும், மறுபடி உறைய, மறுபடி இளக. ஒரு தடவைக்குக் கூழ், மூன்று தடவைக்குத் தயிர், ஆறு முடிந்தால் ரப்பர் மாதிரி ஒரு தோல். தீக்காயத்தின் மேல் போடுவதற்கு. இரவில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை, ஆக மூன்று நாளில் முடிந்துவிடும். உறைந்து இளகும் ஒவ்வொரு தடவைக்கும் மூடியில் ஒரு டிக். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே மயிலாத்தாள்தான். ஈரக் கையோடு நோட்டைத் தொடக் கூடாது என்பதற்காக ஆரம்பித்தது. இப்போது எல்லோரும் மூடியைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதுகிறார்கள். மூடி சொன்னால் சொன்னதுதான். மூடியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. தான் வைத்த பழக்கமே தன் கழுத்துக்கு வந்து நிற்கிறது என்று நினைத்தபோது ரப்பர் கையுறையை மேலே இழுத்துவிட்டாள். அவளுடைய வலது மணிக்கட்டுக்கு மேலே பழைய தழும்பு கையுறையின் விளிம்பில் உரசியது. பத்தொன்பது வயதில் கொதிக்கிற சோற்றுக் கஞ்சி கொட்டியது. வெந்ததை விட, ஒட்டிக்கொண்ட துணியை நர்சம்மா தினமும் பிய்த்து எடுத்தாரே, அதுதான் ஞாபகத்தில் இருக்கிறது. புதுத்தோல் கொஞ்சம் வரும், துணியோடு வந்துவிடும். ஒரு நாள் பல்லைக் கடித்ததில் நாக்கு கடிபட்டு ரத்தம் வந்தது. இந்த லேபுக்குப் பெருக்க வந்த முதல் வாரம், மேடம் யாரிடமோ, எடுக்கும்போது வலிக்கவே கூடாது, அதுதான் எனக்கு வேண்டும் என்று சொன்னதைக் கேட்டு, துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக அந்த அம்மாவுக்கு உயிரைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுக்கத்தான் செய்தாள், பதினாறு வருஷம். துடைப்பத்திலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து தட்டுக்கு.

ஊற்றுகிறபோது மூச்சை அடக்க வேண்டும். பீக்கரை ரொம்பச் சாய்த்தால் காற்றை இழுத்துக்கொள்ளும், ஒரே ஒரு குமிழி போதும், தோலான பிறகு அந்த இடத்தில் கிழியும். எம்.எஸ்சி. படித்து வந்தவர்கள் ஊற்றினால் சோடா மாதிரி இருக்கும். மயிலாத்தாள் இடது கையால் ஊற்றினால் கண்ணாடிமேல் கண்ணாடி வைத்தது போல இருக்கும். பீச்சாங்கைக்காரி என்று எட்டாம் வகுப்பு டீச்சர் முட்டியில் ஸ்கேலால் அடித்த அதே கை. அடித்து அடித்து வலது கையில் எழுதப் பழக்கினார்கள், எழுத்து வந்தது, மற்றதெல்லாம் இடதிலேயே நின்றுவிட்டது, கோலம், கரண்டி, டிக். பழக்கி முடிப்பதற்குள் அப்பன் மில்லில் சேர்த்துவிட்டான். அந்தக் கையைத்தான், டெல்லியிலிருந்து நாலு பேர் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றபோது, மேடம் காட்டினார். "எங்க லேப்ல இந்தக் கை இருக்கற வரைக்கும் எனக்கு மெஷின் வேண்டாம்" என்றார். தமிழில் சொல்லிவிட்டு இங்கிலீஷிலும் சொன்னார். அவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொன்னால், கை மட்டும்தான் வேணுமாமா, மிச்சத்தை என்ன பண்றது என்று ஏதாவது சொல்வான். சொல்லாமல் வைத்துக்கொண்டதால் அது கெடாமல் இருந்தது. போன வருஷம் பங்குனியில் வினோதினி வருகிற வரைக்கும் கெடாமல்தான் இருந்தது.

வந்தாள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இருபத்து நாலு வயது, காதில் சின்னக் கல், சிரித்தால் பல் ஈறு தெரியும், எல்லோரையும் அக்கா, அண்ணா. கெட்ட பெண் என்று சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. முதல் வாரம், "அக்கா, நீங்க ஊத்தறதைப் பாத்துட்டே இருக்கட்டுங்களா?" என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பார்த்தாள். மூன்றாம் நாள் ஊற்றினாள். குமிழி இல்லை. மயிலாத்தாளுக்கு அந்தக் கை பழக ஆறு மாதம் ஆயிற்று, இவளுக்கு மூன்று நாள். தட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒரு குமிழியாவது இருக்காதா என்று தேடினாள், இல்லவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். மேடம் வந்து பார்த்து, "அட, வினு கைவாகு நல்லா இருக்கே" என்றார். வினு. வந்து ஒரு மாதம் ஆகவில்லை, வினு. பதினாறு வருஷமாக மயிலக்கா என்பதில் ஒரு எழுத்துக் குறைந்தது கிடையாது. அப்புறம் சாப்பாட்டு நேரம். மயிலாத்தாள் கொண்டுவருகிற கொள்ளுப் பருப்புக்கு மேடம் டப்பா மூடியை நீட்டுவார், வழக்கம். இப்போதும் நீட்டினார், ஆனால் வாங்கி அதில் பாதியை அந்தப் பெண்ணின் தட்டில் போட்டார், "சாப்பிட்டுப் பாரு வினு, மயிலக்கா கொள்ளு" என்று. தன் பருப்பே தனக்கு எதிராகப் போய்விட்ட மாதிரி இருந்தது. கல்லூரி மலரில் படம் வந்தது. நீலக் கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தோலை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து வினோதினி சிரிக்கிறாள், ஈறு தெரிய. ஓரத்தில் ஒரு முழங்கை. பச்சைப் புடவை ரவிக்கையின் முழங்கை. அது தன்னுடையது என்று மயிலாத்தாளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்தை நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தினமும் பெருக்கும்போது முழங்கையைப் பார்ப்பாள், அது தினமும் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வருவது போல இருக்கும்.

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை. ஆடி மாதம், காற்று கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மேடம் ஊரில் இல்லை, ஏதோ மீட்டிங். காலையில் வினோதினி புது சுடிதாரில் வந்து நின்றாள், கையில் ஃபைல், கண்ணுக்கு மை. "அக்கா, ஒரே ஒரு உதவிங்க்கா. பெங்களூர்ல ஒரு கம்பெனி, இண்டர்வியூ திருப்பூர்ல வச்சிருக்கறாங்க. மேடத்துக்குத் தெரிஞ்சா கொன்னுருவாங்க. டிரே அஞ்சு முடிஞ்சிருச்சு, ஆறாவது மட்டும் பத்தரைக்கு உள்ள வச்சு ரெண்டரைக்கு எடுத்துட்டு, ஒரு டிக்கைப் போட்டுருங்க்கா. சாயங்காலம் வந்து நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு அவள் தோளை ஒரு தட்டு தட்டினாள். ஒரு டிக்கைப் போட்டுருங்க்கா. டிக் போடுவதை யாருக்கு யார் சொல்லித் தருவது. இங்கே மேடத்தின் வினுவாகவும் இருப்பாளாம், அங்கே பெங்களூருக்கும் போவாளாம், நடுவில் பெட்டிக்குள் வைத்து எடுக்க ஒரு ஆள். பத்தரை ஆனது. டிரே மேஜைமேல் இருந்தது. மயிலாத்தாள் மூடியைத் திறந்தாள்.

இங்கேதான் நூல் அறுகிறது. இங்கே வந்தால் எப்போதும் இரண்டு நுனி வருகிறது, இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து, விரலின் பின்பக்கத்தால் ஒரு தட்டை மெதுவாகத் தொட்டாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆறு முடிந்த தோல் எப்போதும் கொஞ்சம் முரட்டுத்தனமாக, சைக்கிள் ட்யூப் மாதிரி இருக்கும், முட்டியில் போட்டால் மடங்காமல் தூக்கிக்கொண்டு நிற்கும், மேடம் அதைப் பார்த்துத்தான் வருஷக்கணக்காக உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். ஐந்தில் நின்ற இது கன்னத்தின் உள்பக்கம் மாதிரி இருந்தது. போதும் என்று விரல் சொன்னது. சொன்னதா? சொன்னது. அதே சமயம் மனசு, கிடக்கட்டும், வந்து அவளே வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும், கைவாகு கைவாகு என்றாரே, பார்க்கட்டும் என்றது. அதுவும் சொன்னது. எது முதலில் சொன்னது? டிரேயை உள்ளே வைக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அது மேஜைமேலேயே இருந்தது, அவள் அதைத் தாண்டித் தாண்டிப் பெருக்கினாள், ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. இரண்டரைக்கு மார்க்கரை எடுத்து ஆறாவது டிக்கைப் போட்டாள். இடது கையில், யோசிக்காமல். ஒரு பொய்யைப் போடுகிறோம் என்று தெரிந்திருந்தால் வலது கையில் போட்டிருப்பாளோ என்னவோ. சாயங்காலம் வினோதினி வந்து, "வச்சீங்களாக்கா?" என்றாள். "வச்சேன் கண்ணு" என்றாள். அந்தக் கண்ணு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும்போது, வினோதினி தோலின் ஓரத்தில் வெட்டிப்போட்ட ஒரு துண்டைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கட்டுத் தழும்பின்மேல் போட்டுப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டது. கையை மடக்கினாள், அதுவும் மடங்கியது. சிங்காநல்லூரில் இறங்குவதற்கு முன்னால் எடுத்தாள், ஒரு முடிகூடப் பிடுங்கவில்லை. அந்தத் தோலை முதன்முதலாக உடம்பில் போட்டது அவள்தான். உலகத்திலேயே. இதை எந்தப் பேப்பரில் எழுதுவார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் அவள் பயந்ததற்கு நேர்மாறு. அந்தத் தட்டுகளை எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரிக்குச் சோதிக்க அனுப்பினார்கள், இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது, மேடம் வராந்தாவில் நின்று படித்து வினோதினியைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டார். மயிலாத்தாள் கையில் வாளியோடு நின்றாள். மூட்டில், விரலில், எங்கே போட்டாலும் ஒட்டுகிறதாம், எடுத்தால் வலி இல்லையாம், இதே மாதிரி இன்னும் வேண்டுமாம். இதே மாதிரி. அன்றிலிருந்து செய்கிறார்கள், வரவே இல்லை. ஆறு தடவை வைத்து எடுத்தால் பழையபடி ட்யூப். பொடியை மாற்றினார்கள், தண்ணீரை மாற்றினார்கள், கலக்குகிற சூட்டை ஏற்றி இறக்கினார்கள், எட்டு டிரே வீணாயிற்று. ஆறை மட்டும் யாரும் தொடவில்லை, மூடியில்தான் ஆறு டிக் இருக்கிறதே. இப்போது பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. வினோதினி கொடுத்த கணக்கே பொய், வேறு எங்கேயோ வாங்கின தோலை வைத்து ஏமாற்றிவிட்டாள் என்று பெரிய இடத்தில் பேசுகிறார்களாம். நாளைக்குக் கமிட்டி. சரிவரவில்லை என்றால் அந்தப் பெண் வெளியே, இந்த வேலையையே மூட்டை கட்டிவிடுவார்கள். மூட்டை கட்டினால் எங்கேயோ ஒரு பத்தொன்பது வயசுப் பெண்ணுக்குத் துணியைப் பிய்த்து எடுப்பார்கள், எடுக்கட்டும், எடுக்கக் கூடாது. இன்று உள்ளே போவதற்கு முன்னால் வினோதினி தொட்டிக்குப் பக்கத்தில் வந்து ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அன்னிக்கு நான் இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க்கா. ஆறும் நானே வச்சேன்னு மேடத்துகிட்டச் சொல்லீட்டேன். நீங்க வச்சீங்கல்ல? வச்சீங்கதானே?" கண்ணில் மை இல்லை இன்றைக்கு. "வச்சேன் கண்ணு" என்றாள் மயிலாத்தாள், இரண்டாவது தடவை.

ஆக, என்ன சொல்வது. அன்னிக்கு அவ இல்லீங்க மேடம், இண்டர்வியூக்குப் போயிட்டா. இதைச் சொன்னால் முடிந்தது, வினு முடிந்தாள், அந்தக் கொள்ளுப் பருப்பு முழுசாகத் திரும்பி வரும். ஆனால் அடுத்த கேள்வி, அப்போ யார் வெச்சது? நானுங்க. வெச்சீங்களா? அங்கே போய் நூல் மறுபடி அறுந்துவிடுகிறது. இன்னொரு மாதிரிச் சொல்லலாம். நான்தானுங்க மேடம் அஞ்சோட நிறுத்தினேன், கை போதும்னு சொல்லுச்சு. இதை நினைத்ததும் உடம்பு சூடேறியது. மேடம் எழுந்து நிற்பார். டெல்லிக்காரர்கள் மறுபடி வந்து கையைப் பார்ப்பார்கள், இந்தத் தடவை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள மாட்டாள். படத்தில் முழங்கைக்கு மேலே தோள் முளைக்கும், கழுத்து முளைக்கும், முகம் வரும். ஆனால் மேடம் கேட்பார், ஒரே வரி: அப்போ ஆறாவது டிக்கை ஏன் போட்டீங்க? விரல் சொன்னது உண்மையாக இருந்தால் டிக் எதற்கு? அந்த டிக்குக்குப் பதில் கிடையாது. அது மட்டும் விரல் போட்டதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி உடைந்த தட்டுகளை மறைத்து வைத்தாள் என்று மேடம் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டார்; "உடைச்சதுக்கு இல்லை, மறைச்சதுக்கு" என்றார். அந்தக் குரல் இந்தத் தொட்டியில்தான் இன்னும் இருக்கிறது. நாற்பத்து எட்டு வயதில், எட்டாம் வகுப்பு பாதியோடு, வேறு எந்தத் தொட்டிக்குப் போவது. இந்தக் கைக்கு வேறு எங்கே வேலை. மறுபடி மில்லா? மில்லையே மூடிவிட்டார்கள். மூன்று அலசலா, இரண்டா. ஜன்னல் பட்டென்று அடித்தது. கார்த்திகையில் ஏது காற்று என்று திரும்பினாள், ஆறுச்சாமி பக்கத்து அறை ஜன்னலைச் சாத்துகிறார். காற்று. ஆடியில் என்ன காற்று அடித்தது. எத்தனை மரம் விழுந்தது, எத்தனை தடவை கரண்ட் போயிற்று, எந்த நாள் போயிற்று, எந்த நாள் வந்தது, யார் எழுதி வைத்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மயிலாத்தாள் குழாயை மெதுவாக மூடினாள்.

கதவு திறந்தது. வினோதினி மூக்கு சிவந்து வெளியே வந்தாள், அவளைப் பார்த்தாள், சுவரோரம் போய் நின்றுகொண்டாள். "மயிலக்கா, வாங்க" என்றார் மேடம் உள்ளிருந்து. "உட்காருங்க." பதினாறு வருஷமாக அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தாள். மூடி இருவருக்கும் நடுவில் இருந்தது. ஆறு டிக்கும் அவளைப் பார்த்தன, ஒன்று மட்டும் அவள் பக்கம் சாய்ந்து. மேடத்தின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, அழகாயிருந்த அம்மா, இந்த நாலு மாதத்தில் வயசாகிவிட்டது.

"ஆடி மாசத் தட்டு. ஆறு தடவையும் வினோதினிதான் வெச்சாளா?"

"ஆமாங்க மேடம். அந்தப் புள்ளைதான் வச்சுது. என்ற கண்ணால பாத்தனுங்க."

"ஆறு தடவை?"

"ஆறு தடவையும் வச்சுதுங்க. கடைசித் தடவை தட்டு உறையவே இல்லீங்க, அவ்வளவுதான். கரண்ட் போயிருச்சுங்களே."

மேடத்தின் பேனா நின்றது. "எப்போ?"

"வியாழக்கிழமைங்க. டிரே உள்ள போன கொஞ்ச நேரத்துல போச்சு. காத்து பேய்க் காத்துங்க அன்னிக்கு, எங்கியோ மரம் உளுந்துருச்சுன்னாங்க. மூணு மணிக்கு மேலதான் வந்துச்சு. ஜெனரேட்டர்ல அந்தப் பெட்டி வராதுங்களே மேடம், பழைய லைன்." வாய் நிற்காமல் போயிற்று, தடுக்கவே இல்லை, தலையும் வாலும் தானாக வந்து சேர்ந்தன. "வெளிய எடுக்கறப்போ தட்டு கல்லாகாம இளக்கமாத்தான் இருந்துச்சு. அந்தப் புள்ளை அதைக் கவனிக்கலீங்க. எடுத்தாச்சுன்னு டிக் போட்டுருச்சு."

"இதை ஏன் இத்தனை நாளா யாருமே சொல்லலை?"

"யாரும் கேக்கலீங்களே மேடம்."

அந்த அறையில் அவள் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான். மேடம் அவளைப் பார்த்தார், ஒரு நொடி, இரண்டு நொடி, மயிலாத்தாள் மூடியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். பிறகு மேடம் நோட்டை இழுத்து 5 என்று எழுதினார். பெரிதாக. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், இன்னொரு வட்டம் போட்டார். "அஞ்சு. அஞ்சேதான். கடவுளே, அஞ்சுதான்!" என்று எழுந்தார், நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "வினு! வினு, உள்ள வா!" அந்த ஐந்து மயிலாத்தாளுடையது. அவள் விரலோ அவள் பொறாமையோ, எதுவாக இருந்தால் என்ன, அவள் செய்தது. அதைத் தன் கையாலேயே எடுத்து ஒரு மரத்துக்கும் காற்றுக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வினோதினி ஓடி வந்தாள். மேடம் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "பைத்தியமே, கரண்ட் போனதைப் பாக்க மாட்டியா நீ?" என்றார். திட்டுகிற குரல் இல்லை அது. அந்தப் பெண் மேடத்தின் தோளுக்கு மேலே மயிலாத்தாளைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்ததா, ஒன்றும் புரியவில்லையா, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டே அழுதாள். "மயிலக்காதான் பாத்திருக்காங்க" என்றார் மேடம், ஏற்கெனவே டெலிபோனைக் கையில் எடுத்தபடி. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வரும் என்று எதற்காகவோ இன்னும் ஒரு நொடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்தாள். "இந்த மூடியைக் கழுவி வச்சர்றனுங்க மேடம்" என்றாள், தினமும் சொல்கிற குரலில். மேடம் டெலிபோனில் பேசிக்கொண்டே கையை ஆட்டினார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தொட்டிப் பக்கம் வந்து, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, முதலில் அந்தத் தலை திரும்பிய டிக்கைத் துடைத்தாள். நீலம் பஞ்சில் ஏறியது. மிச்சம் ஐந்து நின்றது, வரிசையாக, பக்கத்தில் ஒரு காலி இடத்தோடு. காலி இடம் அதைவிட நன்றாகப் பேசியது. ஐந்தையும் துடைத்தாள். பிறகு சோப்பு. பிறகு குழாய்த் தண்ணீரில் ஒன்று, இரண்டு, மூன்று, இந்தத் தடவை எங்கேயும் தடுக்கவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒன்று. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அலமாரியில் கழுவிக் கவிழ்த்த மூடிகள் இருபது இருந்தன. அவற்றை இரண்டு கையாலும் கலைத்துப் போட்டு, இதையும் நடுவில் எங்கோ செருகி, மறுபடி அடுக்கினாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வடிந்து முடித்ததும் எது அந்த மூடி என்று அவளுக்கே தெரியாது.